லோகோவில் தப்பு இல்லை

சென்னையில் பேருந்து பிடித்துப் பழகியவனுக்கு ஒரு விஷயம் ரத்தத்தில் ஊறியிருக்கும். பேருந்து நிறுத்தத்தில் நிற்காது. முப்பது அடி தள்ளித்தான் நிற்கும். சிராங்கூன் ரோட்டில் முதல் நாள் காலை, தூரத்தில் பேருந்தைக் கண்டதும் என் கால்கள் என்னைக் கேட்காமலேயே முப்பது அடி முன்னால் ஓடிப்போய் நின்றுகொண்டன. பேருந்து மிகச் சரியாக நிறுத்தத்தில் நின்றது. நான் திரும்பி ஓடுவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த சீனப் பெரியவர் ஒருவர், அடுத்தது ஏழு நிமிடத்தில் வரும், அதுவும் இங்கேதான் நிற்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த ‘இங்கேதான்’ என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னதாக எனக்குப் பட்டது.

நான் பாட்டுக்காரர்களுக்குப் படம் போடுகிறவன். சினிமாவுக்கு வெளியே சொந்தமாகப் பாட்டு வெளியிடும் குழுக்களுக்கு ஆல்பம் அட்டை, லோகோ, மேடைத் திரை, சட்டை என்று எல்லாவற்றையும் வரைந்து தருகிறேன். அட்டை என்று சொல்வது வெறும் பழக்கதோஷம். இப்போது பாட்டெல்லாம் போனில்தான் வெளியாகிறது. நான் முதுகு வலிக்க வலிக்க வரைவது கடைசியில் கட்டைவிரல் நகத்தளவு சதுரமாகத் தெரியும். அந்தச் சதுரத்துக்குள் பாடகரின் முகம், தயாரிப்பாளரின் பெயர், தயாரிப்பாளருடைய மச்சானின் பெயர் எல்லாம் வந்தாக வேண்டும்.

என்னைச் சிங்கப்பூருக்கு வரவழைத்தது ‘எட்டுக்கட்டை’ என்ற உறுமி மேளக் குழு. இந்த ஊரில் கோயில் திருவிழா, கல்யாணம், பிறந்தநாள் எதுவானாலும் உறுமி மேளம் வந்து நின்றால்தான் களை கட்டும். குழுவில் எட்டுப் பேர், அதனால் எட்டு. தலைவர் குமரேசன் உறுமி வாசிக்கிறார். பிழைப்புக்கு அடுக்குமாடி வீடுகளில் லிஃப்ட் பழுது பார்க்கிறார். சனிக்கிழமை மாலை கேலாங்கில் ஒரு சமூக மன்றத்தில் அவர்களுடைய முதல் ஆல்பம் வெளியீடு. லோகோவைச் சென்னையிலேயே, அவர்கள் அனுப்பிய ஒரு புகைப்படத்தைப் பார்த்து வரைந்து அனுப்பிவிட்டேன். சட்டையும் மேடைத் திரையும் என் கண் முன்னாலேயே அச்சாகட்டும் என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள்.

“புலி மட்டும் வேணாம்ணே” என்று குமரேசன் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். “இந்த ஊர்ல எல்லாக் குழு சட்டையிலும் புலி இருக்கு. வாய் வேற தொறந்திருக்கும்.”

ஆகவே புலியை விட்டேன். மேலே வளைவாகக் குழுவின் பெயர், அதிலுள்ள மூன்று புள்ளிகளும் மஞ்சள் வட்டங்கள். கீழே வாத்தியங்கள் வரிசையாக. கறுப்புச் சட்டையில் அது வந்து நிற்கும் அழகை நினைத்து விமானத்தில் நான் தூங்கவில்லை.

அடுத்த பேருந்தில் ஒழுங்காக ஏறி, குமரேசன் சொன்ன சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். மனிதர் வேலைச் சீருடையில், இடுப்பில் சாவிக்கொத்தோடு நின்றார்.

“பசியாறிட்டீங்களாண்ணே?”

எங்கள் பக்கம் ‘பசியாற’ என்ற சொல் அன்னதானச் சுவரொட்டியில்தான் வரும். என்னை என்னவென்று நினைத்துவிட்டார் என்று ஒரு நொடி சுருக்கென்றது. இங்கே அது வெறுமனே காலைச் சாப்பாட்டைத்தான் குறிக்கும் என்பது பராட்டா வந்தபிறகு புரிந்தது. அவர் தனக்குக் ‘கோப்பி ஓ கோசோங்’ சொன்னார். பெயர் கம்பீரமாக இருந்ததால் நானும் அதையே சொன்னேன். பாலும் இல்லாமல் சர்க்கரையும் இல்லாமல் வந்தது. கோசோங் என்றால் மலாயில் காலி. ஒன்றுமில்லாததற்கு இந்த ஊரில் ஒரு பெயர் இருக்கிறது, அதை மனிதர்கள் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். எங்கள் தொழிலில் அதை வெற்றிடம் என்போம். பதினோரு வருடத்தில் ஒரு வாடிக்கையாளர்கூட அதை என்னிடம் கேட்டு வாங்கியதில்லை.

“லோகோவ இன்னிக்குத்தான் எல்லார்கிட்டயும் காட்டப்போறேன்” என்றார் குமரேசன். “தேவியக்கா ஓகே சொல்லிட்டா போதும். பஸ் ஓட்டுறாங்க. பதினெட்டு வருஷமா நம்ம குழுவுல இருக்காங்க. அவங்கதாண்ணே குழுவுக்கு முதுகெலும்பு.”

மறுநாள் புதன்கிழமை, சும்மா இருக்க மாட்டாமல் காத்தோங் போனேன். லக்சா சாப்பிடாமல் ஊர் திரும்பக் கூடாது என்று மூன்று பேர் எச்சரித்திருந்தார்கள். தேங்காய்ப்பால் குழம்பில் மிதக்கும் நூடுல்ஸ். குச்சியால் சாப்பிடத் தெரியாதே என்று பயந்துகொண்டே போனால், நூடுல்ஸைத் துண்டு துண்டாக வெட்டிப்போட்டு ஒரு கரண்டியைத்தான் கொடுத்தார்கள். எனக்காகச் செய்த சலுகை என்று நினைத்து நன்றி சொன்னேன். பரிமாறிய பெண் என்னைப் புரியாமல் பார்த்தார். சுற்றிலும் எல்லோரும் கரண்டியில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது கரண்டியில் குமரேசனின் குரல்பதிவு வந்தது. லிஃப்ட் குழிக்குள்ளிருந்து பேசியிருப்பார் போல, கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது மாதிரி இருந்தது. பேச்சின் வாலில் இந்த ஊர் ‘லா’ வேறு.

“அண்ணே, லோகோவ எல்லாரும் பாத்தோம். ரொம்ப நல்லா இருக்கு லா. ஆனா அதுல தப்பு இல்லண்ணே. அதான் ப்ராப்ளம். தேவியக்காவுக்கு மனசு கஷ்டமாயிடுச்சு. தப்பு இல்லாத சட்டையப் போட்டுக்கிட்டு மேடை ஏற மாட்டேன்னு சொல்லிட்டாங்க. அவங்க இல்லன்னா ஷோ இல்லண்ணே. எப்படியாவது ஒரு தப்பு வச்சிடுங்க. சின்னதா இருந்தாலும் ஓகே. ஆனா பாக்கறவங்க எல்லாருக்கும் தெரியணும்.”

நான்கு முறை கேட்டேன். என் வேலையில் தப்பு இருக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு. தப்பே இல்லை என்று பாராட்டியவர்களும், குறைவுதான் என்றாலும், உண்டு. தப்பு இல்லையே என்று வருத்தப்பட்ட வாடிக்கையாளரை அன்றுதான் பார்த்தேன்.

லக்சா முடிகிற நேரத்தில் பொறி தட்டியது. திருஷ்டி. குழந்தை மூக்கும் முழியுமாக இருந்தால் கன்னத்தில் ஒரு மைப்பொட்டு வைக்கிறோம். புது வீட்டு வாசலில் பூசணிக்காயில் கோரமாக முகம் வரைந்து தொங்கவிடுகிறோம். முதல் ஆல்பம், குறையே இல்லாத லோகோ. ஊர்க் கண் பட்டுவிடும் என்று அந்த அம்மா பயப்படுகிறார். பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியணும் என்பது அதனால்தான். தெரியாத திருஷ்டிப் பொட்டால் என்ன பிரயோஜனம்? என் வேலைக்குக் கண் பட்டுவிடும் என்று ஒருவர் நினைக்கிறாரே என்று எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

எதற்கும் கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டேன்.

“தப்பை எந்த இடத்துல வைக்கட்டும் குமரேசன்?”

“உறுமி பக்கத்துல வைங்கண்ணே. எப்பவும் அங்கதான் இருக்கும்.”

உறுமி வாசிப்பவர் அவரேதான். தன் தப்பைத் தானே ஒப்புக்கொள்ளும் குழுத்தலைவரை என் அனுபவத்தில் நான் கண்டதில்லை.

“ஒரு தப்பு போதுமா?”

“நம்மகிட்ட இருக்கறதே ஒரே ஒரு தப்புதாண்ணே. ஆனா அது நின்னா எல்லாம் நின்னுடும்.”

இதன் ஆழத்தை நான் வியந்துகொண்டிருக்கும்போதே லிஃப்ட் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்துவிட்டது.

டன்லப் தெருவில் நான் தங்கியிருந்த அறையில் உட்கார்ந்து அந்தத் தப்பைச் செய்தேன். தப்புச் செய்வது சுலபம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ஒரு எழுத்தைச் சாய்த்துப் பார்த்தேன். குடித்திருப்பது போல இருந்தது. தவிலைத் தலைகீழாக வைத்தேன். யாருக்குமே வித்தியாசம் தெரியாது. கடைசியில்தான் அது வந்தது. எட்டுக்கட்டையின் கடைசிப் புள்ளியை எழுத்தின் தலையிலிருந்து எடுத்து, அது உருண்டு கீழே விழுந்து உறுமிக்குப் பக்கத்தில் கிடப்பது போல வைத்தேன். கொஞ்சம் பெரிதாகவும் ஆக்கினேன். இப்போது பெயரை வாசித்தால் ‘எட்டுக்கடடை’ என்று நாக்கு தடுக்கும். கீழே மஞ்சளாக ஒரு திருஷ்டிப் பொட்டு. எழுந்து நின்று என் முதுகில் நானே தட்டிக்கொள்ள முயன்றேன். கை எட்டவில்லை.

படத்தை அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. “சூப்பர்ணே. தப்பு நல்லா தெரியுது. அக்காவுக்கும் போன்ல காட்டிட்டேன். ஹேப்பி லா.”

வியாழக்கிழமை ஜமால் பாயின் அச்சுக்கடைக்குப் போனேன். அவருடைய குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்பே நாகூரிலிருந்து கப்பலேறி வந்தது. பேச்சில் மட்டும் கடற்கரைக் காற்று இன்னும் மிச்சம் இருந்தது. கடையில் பாதி இடத்தைச் சட்டைகளும் மீதியைப் பிரியாணி வாசனையும் பிடித்திருந்தன. என் கோப்பைத் திரையில் திறந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“தம்பி, இதுல தப்பு இருக்கே.”

“இருக்கணும்னுதான் வச்சேன், பாய்.”

“வேணும்னே வச்சதா?”

“அவங்க கேட்டு வாங்கின தப்பு.”

பாய் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். “முப்பது வருஷமா அச்சடிக்கிறேன். தப்பு வந்தா என் தலையிலதான் கட்டுவாங்க. கேட்டு வாங்கினவங்கள இப்பத்தான் பாக்கறேன்” என்றவர், ஒரு தாளை நீட்டினார். தப்பு இருப்பது தெரிந்தே அச்சிடச் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் இயந்திரத்தைப் போட்டார். எனக்கும் பாதித் தட்டு பிரியாணி கிடைத்தது.

வெள்ளிக்கிழமை மாலை சட்டைப் பெட்டியோடு ஒத்திகைக்குக் கிளம்பினேன். வழியில் டோபி காட் நிலையத்தில் ரயில் மாற வேண்டும். அங்கே மூன்று ரயில் பாதைகள் ஒன்றுகூடுகின்றன. எனக்கும் அவற்றுக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரே மின்படிக்கட்டில் மூன்றாவது முறை மேலே வந்தபோது, பாதுகாப்புக் காலணி போட்ட ஒருவர் என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார். அறந்தாங்கிக்காரராம், கட்டுமான வேலையாம். ஆறு வருடமாக இங்கே இருக்கிறவர் என்னைச் சரியான நடைமேடையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பெட்டியின் மேலிருந்த சட்டையைப் பார்த்தார்.

“அண்ணே, எழுத்துலேருந்து ஒரு புள்ளி கீழ விழுந்து கிடக்கு.”

“கண்ணுல பட்டுச்சா?”

“படாம என்ன. எடுத்து மேல வைக்கச் சொல்லுங்க.”

எல்லோருக்கும் தெரிகிறது. எனக்குப் பரம திருப்தி.

ஒத்திகை நடந்தது கேலாங் பக்கம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில். வீடுகளுக்குக் கீழே அடித்தால் புகார் போய்விடுமாம். உள்ளே தவில்காரரும் பம்பைக்காரர்களும் வார் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒரு பெண், ஹேர் டிரையரால் ஒரு வட்டத் தோல்வாத்தியத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் பறையை வைக்கோல் தீயில் காய்ச்சுவார்கள். இங்கே கட்டடத்துக்குள் தீ மூட்டினால் தீயணைப்பு வண்டி வந்துவிடும். அவர்தான் தேவி என்று குமரேசன் சொன்னார். நாற்பத்தைந்து வயதிருக்கும். முதுகு நேராக, பேருந்தில் உட்கார்ந்திருப்பது போலவே உட்கார்ந்திருந்தார்.

பெட்டியைத் திறந்தேன். ஆளுக்கொரு சட்டையை எடுத்து விரித்தார்கள். தேவி ஹேர் டிரையரை அணைத்துவிட்டு வந்து, சட்டையைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

“தப்பு எங்க?”

“இதோ” என்று விழுந்து கிடந்த புள்ளியைக் காட்டினேன். அத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. குறையில்லாத அழகுக்குக் கண் படும் என்பதையும், பூசணிக்காயையும், மைப்பொட்டையும், புள்ளி உருண்டு விழுந்த விதத்தையும் விளக்கினேன். கைகளை ஆட்டி ஆட்டி விளக்கினேன். எட்டுப் பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடித்ததும் தேவி போய் அந்த வட்ட வாத்தியத்தை எடுத்துவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“சார், இதுக்குப் பேரு என்ன?”

“பறை.”

“நாங்க இத தப்புன்னு சொல்லுவோம்.”

தஞ்சாவூர்ப் பக்கம் தப்பாட்டம் என்பார்கள், அது எனக்கும் தெரியும். தப்பாட்டம் தெரிந்தவனுக்குத் தப்பு தெரியாமல் போனது. குமரேசன் பேசியது, பாய் கேட்டது, நான் கையெழுத்துப் போட்டது எல்லாம் ஒவ்வொன்றாக மண்டைக்குள் வந்து உட்கார்ந்தன. முதலில் சிரித்தவர் நாகஸ்வரக்காரர். அடுத்து பம்பை இரண்டும் சிரித்தன. குமரேசன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தேவி சிரிக்கவில்லை.

“எட்டுன்னு பேரு வச்சிருக்கோம். நீங்க எண்ணிப் பாக்கலயா சார்?”

எண்ணிப் பார்த்தேன், அப்போதுதான். உறுமி இரண்டு, பம்பை இரண்டு, தவில், நாகஸ்வரம், தாளம். ஏழு. அவர்கள் அனுப்பிய புகைப்படத்தில் தேவி ஓரத்தில் நின்றிருக்கிறார். நான் வசதிக்காகப் படத்தைச் சதுரமாக வெட்டியபோது அவரையும் அவருடைய தப்பையும் சேர்த்து வெட்டிவிட்டேன். வரைந்த இரண்டு வாரமும் ஏழா எட்டா என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. தொழிலில் வந்த வெட்கம் வேறு, இது வேறு.

“எனக்குப் பழகிப்போச்சு சார்” என்றார் தேவி. “நாங்க நடக்கறப்ப தப்பு எப்பவும் கடைசி, உறுமிக்குப் பக்கத்துல. போட்டோவுல ஓரம். போஸ்டர் போடறவங்க ஓரத்தத்தான் வெட்டுவாங்க. ஒரு போஸ்டர்ல என் முழங்கை வந்துச்சு. அத மட்டும் கட் பண்ணி வீட்ல வச்சிருக்கேன். ஆனா இது நம்ம சொந்த ஆல்பம். இதுலயும் நான் இல்லன்னா எப்படி? நாளைக்கு நான் வரல.”

குரலை உயர்த்தவே இல்லை. நிறுத்தம் தாண்டியபின் கதவைத் தட்டுகிறவனுக்குச் சொல்வது மாதிரி சொன்னார். சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. தப்பு இல்லாமல் ஒரு பாட்டுக்குக்கூட அவர்களால் நடை பிடிக்க முடியாதாம். குழுவுக்கும் விற்பனைக்குமாகப் புதிதாக நாற்பது சட்டை அடிக்க நேரமும் இல்லை, வெறும் கறுப்புச் சட்டையும் இல்லை.

“போன்ல பாத்தப்ப தப்பு மாதிரியேதான் இருந்துச்சுக்கா” என்று குமரேசன் தரையிலிருந்து முனகினார். “நீங்களும்தான் பாத்தீங்க.”

“போன்ல பாத்தேன். நகத்தளவுல என்ன தெரியும்? ரவுண்டா இருந்துச்சு, நம்பிட்டேன்.” தேவி சட்டையிலிருந்த மஞ்சள் வட்டத்தைச் சுண்டினார். “குச்சி இல்லாம இது என்ன தப்பு? வெறும் புள்ளி.”

நான் அந்த வட்டத்தைப் பார்த்தேன். உறுமிக்குப் பக்கத்தில், சரியான இடத்தில், சரியான அளவில் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நகத்தளவுப் படத்துக்கு நன்றி சொன்னேன்.

“குச்சி வச்சா வருவீங்களாக்கா?” என்று கேட்டேன். அதுவரை அவரை ‘மேடம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் தன் நீளக் குச்சியையும் குட்டைக் குச்சியையும் சட்டையின்மேல் அந்த வட்டத்தின் குறுக்கே வைத்தார். இரண்டு அடி பின்னால் போய்ப் பார்த்தார். இன்னும் இரண்டு அடி போய்ப் பார்த்தார்.

“நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு என் டூட்டி ஆரம்பம், மூணு மணிக்கு முடியும்” என்றார். “நாலு மணிக்கு வந்து பாப்பேன். இருந்தா ஏறுவேன்.”

“மேல எழுத்துல விழுந்துபோன புள்ளியையும் சேத்து ஒட்டிடறேன்.”

“அது வேணாம் சார். அது கீழ வந்ததாலதான் எனக்கு இடம் கெடச்சுது. அங்கயே இருக்கட்டும்.”

சனிக்கிழமை காலை ஜமால் பாய் கடை திறக்கும் முன்பே சட்டைப் பெட்டியோடு வாசலில் நின்றேன். விஷயத்தைக் கேட்டவர் முதலில் என் கையெழுத்துத் தாளை எடுத்துப் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

“எனக்கு ஒண்ணு வெளங்கல, தம்பி. இப்ப தப்பச் சரி பண்றோமா, இல்ல தப்பத் தப்பு ஆக்கறோமா?”

“இரண்டும்தான் பாய்.”

சிவப்பு ஸ்டிக்கர் தாளில் நாற்பது நீளக் குச்சியும் நாற்பது குட்டைக் குச்சியும் வெட்டினார். ஒவ்வொரு சட்டையாக வைத்துச் சூட்டு அச்சில் அழுத்தினோம். என் வேலை குச்சியைச் சரியான கோணத்தில் வைப்பது. மூன்றில் இரண்டு என் விரலில் ஒட்டின. திரைக்குப் பெரிய குச்சிகள். மதியம் நாங்கள் சாப்பிடவில்லை. வந்த பிரியாணி ஆறிப்போய்ச் சட்டைகளுக்கு நடுவில் கிடந்தது.

நான்கு மணிக்குச் சமூக மன்றத்தில் திரையைக் கட்டிக்கொண்டிருந்தோம். தேவி பேருந்துச் சீருடையிலேயே வந்தார். மேடைக்கு எதிரே கடைசி வரிசை நாற்காலி வரைக்கும் நடந்துபோய் நின்று திரையைப் பார்த்தார். குமரேசன் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். தேவி விரலை நீட்டி இடமிருந்து வலமாக எண்ணினார். உதடு அசைவதில் எட்டு வந்தது எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்து, “சட்டை எங்க?” என்றார்.

நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒரு தமிழாசிரியர். மேடை ஏறுவதற்கு முன், அறிவிப்பு அட்டையும் கையுமாக வந்தவர் தேவியின் சட்டையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். உதட்டுக்குள் ‘எட்டுக்கடடை’ என்று சொல்லிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. குரலைத் தாழ்த்தினார்.

“அம்மா, கவனித்தீர்களா? உங்கள் சட்டையில் ஒரு தப்பு இருக்கிறது.”

தேவி குனிந்து உறுமிக்குப் பக்கத்திலிருந்த வட்டத்தையும், அதன் குறுக்கே இருந்த இரண்டு சிவப்புக் குச்சிகளையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். நான் வந்ததிலிருந்து அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

“இருக்கு சார்” என்றார். “பதினெட்டு வருஷத்துல இப்பத்தான் இருக்கு.”